‘வேண்டாம்’ என்று சொல்ல எவ்வளவு ஆகும்?

தென்னாப்பிரிக்காவில் நவம்பர் மாதக் கடைசியில் வரும் ஒரு வெள்ளிக்கிழமைக்கு ‘பிளாக் ஃபிரைடே’ என்று பெயர். அன்று கடைக்குள் தள்ளுமுள்ளு நடக்கும். டிசம்பரில் பலருக்குப் பதின்மூன்றாவது சம்பளம் என்கிற போனஸ் வரும், கிறிஸ்துமஸ் வரும், ஊருக்குப் போக வேண்டும். ஜனவரியில் பள்ளிச் சீருடை, நோட்டு, ஷூ. எங்கள் அலுவலகத்தில் போன் மணி அடிக்க ஆரம்பிப்பது பிப்ரவரியில்தான்.

துணிக்கடைச் சங்கிலி ஒன்றின் கடன் பிரிவில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். தவணை தவறியவர்களைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். காதில் ஹெட்போன், முன்னால் திரையில் அவர்கள் வாங்கிய சாமான்களின் பட்டியல். கடனில் மாட்டுகிறவர்கள் ஆடம்பரத்துக்கு ஆசைப்பட்டு மாட்டுகிறார்கள் என்று வெளியில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பட்டியல்களைப் பார்த்த பிறகு என் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததில்லை. பள்ளிக்கூட ஷூ, போர்வை, குழந்தைக்குத் தொட்டில், வேலைக்குப் போட்டுப் போக இரண்டு சட்டை. வாங்கியவர்கள் நர்ஸ், ஆசிரியர், செக்யூரிட்டி வேலை பார்ப்பவர். பில் போடும் இடத்தில் “உங்களுக்கு அக்கவுண்ட் இருக்கா?” என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு கேட்பாள். அக்கவுண்ட் என்றால் அந்தக் கடையிலேயே கடனில் வாங்குவதற்கான கணக்கு. அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் என் திரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

பிரச்சினை வட்டியில் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த நாட்டின் தேசியக் கடன் சட்டப்படி ஸ்டோர் கார்டு மாதிரியான கடனுக்கு வட்டி உச்சவரம்பு, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 14 சதவீதம். 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை ரெப்போ 8.25 சதவீதமாக இருந்தது. ஆக அப்போது உச்சவரம்பு 22.25. வருடம் முழுக்க 3,000 ராண்ட் பாக்கி நிற்கிறது என்றால் வட்டி ஏறக்குறைய 668 ராண்ட். இதோடு மாதச் சேவைக் கட்டணம் 60 ராண்ட் வரை போடலாம். வருடத்துக்கு 720. வட்டியை விட அதிகம்! பிறகு கடன் காப்பீடு, ஆயிரத்துக்கு மாதம் நாலரை ராண்ட் வரை. அது 162. எல்லாம் உச்ச அளவில் இருந்தால் 3,000 ராண்ட் சாமானுக்கு ஒரு வருடம் காத்திருக்கும் செலவு கிட்டத்தட்ட 1,550. எல்லாக் கடையும் உச்சத்தைத் தொடுவதில்லை. ஆனால் சின்னக் கடனில் வட்டியைவிடக் கட்டணம்தான் கடிக்கும் என்பது அங்கே நான் கற்ற முதல் பாடம். ஒரு கடையில் 800, இன்னொரு கடையில் 600 என்று நாலைந்து அக்கவுண்ட் வைத்திருப்பவர் நாலைந்து சேவைக் கட்டணம் கட்டுகிறார். மூட நினைத்தால் முதலில் மூட வேண்டியது இந்தச் சின்ன அக்கவுண்ட்களைத்தான்.

போனில் பேசியவர்கள் யாரும் வாங்கிய பொருளைப் பற்றி வருத்தப்பட்டதாக நினைவில்லை. சொன்னதெல்லாம் வேறு. “மேனேஜர் வாய்க்கு வந்தபடி திட்டுறான், ஆனா விட்டுட்டு வர முடியாது, அக்கவுண்ட் இருக்கு.” “இரவு ஷிப்ட் ஒத்துக்கலை, மாத்திக்க முடியலை.” “மாமியார் வீட்ல இருந்து தனியா போகணும், டெபாசிட்டுக்குப் பணமில்லை.” கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒருவருக்கு மாதம் எவ்வளவு கட்டாயச் செலவு இருக்கிறதோ, அவ்வளவுதான் அவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கான விலை. அந்தத் தொகை பெரிதாக இருந்தால் மேனேஜர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறிதாக இருந்தால் எழுந்து போகலாம்.

நாங்கள் செலவைக் குறைத்ததும் அதற்காகத்தான். எளிமையின் மேல் எங்களுக்குப் பக்தி ஒன்றும் வரவில்லை. என் கணவர் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். ஒரு கம்பெனியின் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் செய்ய வேண்டும் என்று அவருக்கு நீண்ட நாள் ஆசை. தனித் தொழிலில் முதல் வருடம் காசு வரும், வராது. காசு வராத மாதத்தைத் தாங்கக்கூடிய வீடாக எங்கள் வீட்டை மாற்ற வேண்டியிருந்தது. டர்பனில் வசதியானவர்கள் இருக்கும் உம்லங்கா பக்கம் காவல் போட்ட வளாகத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டின் பின்கட்டுக்கு வந்தோம். இங்கே இதை ‘அவுட்பில்டிங்’ என்பார்கள். முன்கட்டில் வீட்டுக்காரப் பாட்டி. பேரப்பிள்ளைகள் ஆயா என்று கூப்பிடுவதால் நாங்களும் ஆயா என்றே கூப்பிடுகிறோம்.

ஆயா பிறந்தது டர்பன் நகரத்துக்குள் மேகஸின் பாரக்ஸில். மாநகராட்சியில் கூலி வேலை பார்த்த இந்தியர்களுக்கான குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிகள் சட்டத்துக்குப் பிறகு அங்கிருந்தவர்களைப் பெயர்த்து 1960களில் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். ஆயாவிடம் சிக்கனம் பற்றிக் கேட்டால் சிரிப்பார். அவருக்கு அது ஒரு கொள்கை இல்லை. வெந்நீர் குளிக்கிறபோதுதான் வேண்டும், மற்ற நேரம் எதற்குக் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பார், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிப் பக்கம். தில்லையாடி கூப்பிடு தூரம். வள்ளியம்மை பெயரைச் சின்ன வயதிலேயே பள்ளியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகப் போராட்டத்தில் சேர்ந்து, பதினாறு வயதில் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்த பெண். ஆனால் அந்தப் போராட்டத்தின் மையத்தில் ஒரு கட்டாயச் செலவு இருந்தது என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒப்பந்தக் கூலியாக இந்த டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்க நினைத்தால் ஆண்டுக்கு 3 பவுன் வரி என்று 1895இல் சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். அந்த முதல் வருடக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். பிறகு மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. கட்ட முடியாதவருக்கு ஒரு வழி இருந்தது: மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பது. வரி போட்டதன் நோக்கமே அதுதான். 1914இல்தான் அதை ஒழித்தார்கள். தவணைக்காக இரவு ஷிப்டில் நிற்கிறவரையும் அவர்களையும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது வேறு கொடுமை. ஆனாலும் கட்டாயச் செலவை ஏற்றி வைத்தால் ஆளை நிறுத்தி வைக்கலாம் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அதே தந்திரத்தைத் திருப்பிப் போட்டதுதான் காந்தியின் டால்ஸ்டாய் பண்ணை. 1910இல் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் டிரான்ஸ்வால் பகுதியில் சத்தியாகிரகிகள் சிறைக்குப் போனபோது, அவர்களில் பெரும்பங்கு தமிழர்கள், குடும்பங்களுக்குப் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. காந்தியின் நண்பரான கட்டடக் கலைஞர் கல்லன்பாக் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில், லாலி ரயில் நிலையம் பக்கம், 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தார். எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே அடுப்பில். சொந்த வேலையாக நகரத்துக்குப் போனால் நடந்து போக வேண்டும், பண்ணை வேலை என்றால் மூன்றாம் வகுப்பு ரயில். செருப்புத் தைக்கும் தொழிலை மரியான்ஹில் மடத்துத் துறவிகளிடம் கல்லன்பாக் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த மடம் டர்பன் பக்கத்தில்தான், இன்றும் இருக்கிறது. இதையெல்லாம் தவ வாழ்க்கை என்று படித்தால் அலுப்பாக இருக்கும். குடும்பத்தைப் பராமரிக்கும் செலவு இறங்க இறங்க, ஒருவர் சிறையில் இருக்கக்கூடிய காலம் நீள்கிறது என்று கணக்காகப் படித்தால் விறுவிறுப்பாக இருக்கிறது. கல்லன்பாக் தனி மனிதராக வாடகை நீங்கலாக மாதம் 1,200 ரூபாய் செலவழித்தவர், 120 ரூபாய்க்கு இறங்கினார் என்று காந்தி எழுதியிருக்கிறார். பத்தில் ஒரு பங்கு! அவ்வளவு தூரம் இறங்க எங்களால் ஆகாது. தவிர, அவர் இறங்க ஆரம்பித்த இடம் அவ்வளவு உயரம்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

முதலில் கைவைத்தது கீசரில். இந்த ஊரில் சாதாரணமாக இருப்பது 150 லிட்டர் தொட்டி, 3 கிலோவாட் காயில். இருபது டிகிரித் தண்ணீரை அறுபதுக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஏழு யூனிட். சுமார் இரண்டரை மணி நேரம் ஓடினால் போதும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நாள் முழுக்க ஸ்விட்ச் போட்டே இருக்கும், ஆறுவதும் சூடாவதுமாக. டைமர் ஒன்று வைத்து விடியற்காலையில் மட்டும் ஓடவிட்டோம். தொட்டிக்கும் சூடான குழாய்க்கும் போர்வை சுற்றினோம். ஒன்று சொல்ல வேண்டும்: காசு மிச்சம் என்று தெர்மோஸ்டாட்டை ஐம்பதுக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அறுபது டிகிரியில் வைத்து நேரத்தைக் குறைப்பதுதான் சரி. முன்பணம் கட்டி டோக்கன் எண் அழுத்தும் மீட்டர் எங்களுடையது. அதில் வித்தியாசம் அந்த வாரமே தெரிந்தது.

அடுத்தது அடுப்பு. ஆயா வீட்டில் வாரத்தில் பாதி நாள் ஷுகர் பீன்ஸ் குழம்புதான். சிவப்புக் கோடு போட்ட காய்ந்த பீன்ஸ், இந்த ஊர்த் தமிழருக்கு அது துவரம்பருப்பு மாதிரி. வேக நேரமாகும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் அடுப்பு எப்போது எரியும் எப்போது நிற்கும் என்றே தெரியாமல் சமைத்தோம். அப்போது பிடித்துக்கொண்டதுதான் சூட்டுப் பெட்டி. 2008 மின்வெட்டுக் காலத்தில் இந்த நாட்டுப் பெண்மணி ஒருவர் ‘வொண்டர்பேக்’ என்று, கொதித்த பானையின் சூடு வெளியேறாமல் காக்கும் ஒரு பையை உருவாக்கினார். அதை வாங்கலாம். அட்டைப் பெட்டிக்குள் பழைய ரஜாய் திணித்தும் செய்யலாம், எங்களுடையது ரஜாய்தான். பீன்ஸை இரவு ஊற வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீரில் தளதளவென்று இருபது நிமிடம் கொதிக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. இந்த வகைப் பீன்ஸில் லெக்டின் என்ற நச்சு உண்டு, நன்றாகக் கொதித்தால்தான் போகும். அரைச் சூட்டில் வெந்தால் வயிற்றைக் கலக்கிவிடும். கொதித்த பானையை மூடியோடு பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வேலைக்குப் போகலாம். நடுவில் திறந்து பார்க்காதீர்கள். பானை நிறைய இருக்க வேண்டும், பாதிப் பானை சூடு தாங்காது. மாலையில் வந்து தாளித்து மறுபடி ஒரு கொதி.

இங்கே ஒரு வேடிக்கை. வாட் வரி 2018 ஏப்ரலிலிருந்து 15 சதவீதம். ஆனால் சில உணவுகளுக்கு வரி பூஜ்யம்: காய்ந்த பீன்ஸ், பருப்பு, அரிசி, மக்காச்சோள மாவு, சாம்ப் என்கிற உடைத்த சோளம், பழுப்பு ரொட்டி, பால், முட்டை, சமையல் எண்ணெய், புதுக் காய்கறி, பழம், டின்னில் வரும் பில்சர்ட் மீன். பட்டியலைப் படித்தபோது ஆயாவின் சமையலறை அலமாரியைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. அவர் வாங்குவதில் முக்கால்வாசிக்கு வரியே இல்லை. நாங்கள் வளாகத்தில் இருந்த காலத்தில் வாங்கியதில் முக்கால்வாசிக்கு வரி. நறுக்கி மசாலா தடவி வந்தால், சமைத்து வண்டியில் வீட்டுக்கே வந்தால் பதினைந்து சதவீதம் கூட வரும். மாதச் சாமான் பில்லின் அடியில் வாட் தொகை தனியாக அச்சாகியிருக்கும். மொத்தம் என்ன என்பதைவிட அந்த எண்ணைப் பாருங்கள். அது இறங்கினால் சமையல் வீட்டுக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். வேறு பட்ஜெட் நோட்டு எதுவும் நான் எழுதுவதில்லை.

காய்க்குச் சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட். சாட்ஸ்வொர்த்துக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கடை கட்டும் நேரத்தில் போனால் கீரைக்கட்டு பாதி விலை. தோட்டம் போட்ட கதையும் உண்டு. டர்பன் வெயிலுக்கும் மழைக்கும் முருங்கை, கறிவேப்பிலை, சேப்பங்கிழங்கு எல்லாம் கேட்காமலே வளரும். கிழங்கை இங்கே மடும்பி என்பார்கள். ஆனால் தக்காளி, பப்பாளி போடுகிறவர்கள் குரங்குக்குத்தான் போடுகிறார்கள். குடும்பத்தோடு சுவரேறி வந்து, ஒன்றைக் கடித்து, பிடிக்கவில்லை என்று வீசிவிட்டு அடுத்ததைக் கடிக்கும். நுகர்வு கலாச்சாரத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவற்றிடமிருந்து ஆரம்பிக்கலாம். மிளகாய், புதினா, கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொண்டோம். தோட்டத்தால் பெரிய பணம் மிச்சமாகவில்லை. சின்னக் கட்டு வாங்கக் கடைக்குப் போய் பெரிய பையோடு திரும்புவது நின்றது, லாபம் அங்கேதான்.

என் கணவரின் தொழிலில் ஒரு விஷயம். ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று புதிதுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, பழையதை எடுத்துப் போகச் சொல்லி அவரைக் கூப்பிடுகிறவர்கள் பலர். பாதிக்கு மேல் கதவு ரப்பர்தான் கோளாறு. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போயிற்று. வெந்நீரில் துடைத்தாலே சில சமயம் சரியாகும், இல்லாவிட்டால் ரப்பரை மட்டும் மாற்றலாம். பின்னால் இருக்கும் கம்பிகளில் தூசி அடைந்திருந்தால் மோட்டார் நிற்காமல் ஓடும். ஸ்விட்சை அணைத்துவிட்டு பிரஷால் தட்டிவிட்டால் போதும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போது அழுத்தம் எகிறும், அதில்தான் போர்டும் கம்ப்ரஸரும் போகின்றன. கரண்ட் திரும்பிய பிறகு சில நிமிடம் தாமதித்து உயிர் கொடுக்கும் பாதுகாப்பு பிளக் ஒன்று வாங்குவதைச் செலவு என்று நினைக்காதீர்கள் என்று அவர் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வருவார். பழுது பார்க்கிறவர் இப்படி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால் தொழில் எப்படி நடக்கும் என்று நான் கேட்டிருக்கிறேன். நடக்கிறது.

குறைக்க முடியாதவையும் உண்டு. கார் அதில் முதலாவது. எளிமை என்றால் காரை விற்றுவிட்டுப் பேருந்தில் போவது என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்கிறார்கள். சாட்ஸ்வொர்த் டர்பன் மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். தற்செயலாக அப்படி அமையவில்லை. வேலை நகரத்தில், வேலைக்காரர்கள் எட்ட என்று திட்டமிட்டே கட்டிய ஊர் இது. கறுப்பர்களுக்கான உம்லாசி, இந்தியர்களுக்கான பீனிக்ஸ் எல்லாம் அப்படித்தான். இருட்டிய பிறகு மினிபஸ் டாக்சிக்கு நிற்க என் மகளை நான் அனுப்ப மாட்டேன். ஆகவே கார் ஒன்று இருக்கிறது, பழையது, கடன் முடிந்தது. அதன் டயரிலும் பிரேக்கிலும் சிக்கனம் பார்ப்பதில்லை. வாசல் பூட்டு, கம்பிக் கதவு, மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் இன்டர்நெட் டேட்டா, இவற்றிலும் இல்லை. இவற்றில் குறைத்தவர்கள் பிறகு கடன் வாங்கியதை நான் திரையில் பார்த்தவள்.

பழைய அலுவலகத்தில் உம்லாசியிலிருந்து வரும் சக ஊழியர் ஒருவர் இருந்தார். நாங்கள் வீடு மாறுவதைச் சொன்னபோது, “நீ விரும்பி எடுத்துக்கிற இந்த வாழ்க்கையைத்தான் எங்க அம்மா வாழ்நாள் முழுக்க வாழ்ந்தாங்க. அவங்களை யாரும் பாராட்டலையே” என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி எண் உலக வங்கியின் 2014ஆம் ஆண்டுக் கணக்கில் இந்த நாட்டுக்கு 0.63, உலகிலேயே மிக மோசமானவற்றில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் ‘குறைவாக வாழ்கிறோம்’ என்று பெருமை பேசுவது காது கூசும். நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. இதை எழுதுவதற்கே கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

அதே நபர்தான் எங்களை ஸ்டாக்வெல்லில் சேர்த்துவிட்டார். நம் சீட்டு மாதிரியேதான். மாதம் ஒரு தொகை போட்டு, வருடக் கடைசியில் மொத்த வியாபாரியிடம் அரிசி, எண்ணெய், மாவு, சோப்பு எல்லாம் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்வது. குழுவில் பெரும்பாலும் ஜூலுப் பெண்கள், நான் ஒருத்தி தமிழ். கணக்கு எழுதும் வேலை இயல்பாக என் தலையில் விழுந்தது. டிசம்பரில் வீட்டுக்குள் மூட்டை வந்து இறங்கிவிட்டால் ஜனவரிச் சம்பளம் முழுதாகப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கிறது. ஜனவரிப் பள்ளத்தில்தான் பெரும்பாலான கடன்கள் ஆரம்பிக்கின்றன என்பதால் இதைவிட உருப்படியான ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கடன் வாங்கியே ஆக வேண்டிய நேரமும் வரும். அப்போது கடைக்காரர் கொடுக்கும் விலைப்புள்ளியை எழுத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சட்டப்படி ஐந்து வேலை நாளுக்கு அவர் அதே நிபந்தனையில் கொடுத்தாக வேண்டும். ஐந்து நாளில் பாதி ஆசை இறங்கிவிடும். காப்பீட்டை அவரிடமே எடுக்க வேண்டும் என்பதில்லை, உங்களிடம் ஏற்கனவே பாலிசி இருந்தால் அதைக் காட்டலாம். வருடத்துக்கு ஒருமுறை கடன் அறிக்கை இலவசம், கேட்டு வாங்கி நீங்கள் எடுக்காத அக்கவுண்ட் ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். லே-பை என்பது வேறு: கடைக்காரர் பொருளை எடுத்து வைத்துக்கொள்வார், நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்த பிறகு கொடுப்பார். வட்டி கிடையாது. என் பழைய முதலாளிகளுக்கு லே-பை கேட்கிறவர்களைக் கண்டால் அவ்வளவு பிரியம் இருந்ததில்லை. இதுவே அதற்கு நல்ல சான்றிதழ்.

என்னைச் சுற்றி இப்படி வாழ்கிறவர்கள் எல்லோரும் என் காரணத்துக்காக வாழவில்லை. கோயிலில் பழக்கமான ஒருவர் புரட்டாசி விரதம் பிடித்துப் பிடித்து, ஒரு மாதம் இருக்க முடிந்ததை வருடம் முழுக்க ஆக்கிக்கொண்டார். இன்னொரு தம்பதி, கணவன் மனைவி இருவரும், கடன் மறுசீரமைப்பில் சில வருடங்கள் இருந்தவர்கள். அந்தக் காலத்தில் புதுக் கடன் வாங்கச் சட்டமே அனுமதிக்காது. வெளியே வந்த பிறகு வாங்க வழி இருந்தும் பழக்கம் விட்டுப்போயிற்று என்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் சேறாகிப் போன ஒரு பெண், திரும்ப வாங்கும்போது பாதியோடு நிறுத்திவிட்டார். மீதிப் பாதி இல்லாதது அவருக்குத் தெரியவே இல்லையாம். சுற்றுச்சூழலுக்காக என்று சொல்லும் இளைஞர்களும் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அவர்கள் கையில் மூங்கில் பிரஷும் கண்ணாடி ஜாடியும் புதிது புதிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். கஷ்டம் மனிதர்களிடம்தான். கல்யாணத்துக்குப் போனால் என்ன எழுதுவது, கிறிஸ்துமஸ் பிரேய்க்கு என்ன கொண்டுபோவது. கறியைத் தணலில் வாட்டிக் கூடி உண்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள். ஆளாளுக்குக் கறி கொண்டுவர வேண்டும். முதல் வருடம் கணவர் வீட்டு உறவுகளில் “என்ன, தொழில் நடக்கலையா?” என்று காதுபடக் கேட்டார்கள். காசில்லை என்று நினைத்து ஒருவர் கடன் கொடுக்கவே வந்துவிட்டார். விளக்கம் சொல்லிப் பார்த்தோம், உபதேசம் போலக் கேட்டது. பிறகு ஒரு வழி கிடைத்தது. வெறுங்கையோடு போகாமல், உழைப்பைக் கொண்டுபோவது. விசேஷ வீட்டில் முந்தின இரவே போய்ப் பெரிய பானை பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவேன். என் கணவர் கூடாரத்துக்கு ஒயர் இழுப்பார், வாடகைக்கு எடுத்த ஃபிரீசர் மக்கர் செய்தால் சரி செய்வார். மொய்க் கவரில் என்ன இருந்தது என்று அதன் பிறகு யாரும் பேசினதாகக் காதில் விழவில்லை.

கம்பெனிக்காரர்கள் ஒருமுறை அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சம்பளம் கூட, கார் கொடுப்பார்கள், ஆனால் டிசம்பர் முழுக்க இரவு பகல் வேலை. நாங்கள் இரவு சாப்பிட்ட பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்த மாதம் எங்கள் கட்டாயச் செலவு எவ்வளவு, கையில் இருப்பது எத்தனை மாதத்துக்கு வரும் என்று பார்த்தோம். வரும் என்று தெரிந்தது. மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேசி முடித்தபோது போன் அழைப்பு ஒரு நிமிடத்தைத் தாண்டியிருக்காது.

இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் விவகாரம் மேட்ரிக் டான்ஸ். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் விருந்து. உடை, முடி அலங்காரம், வாடகைக்கு எடுக்கும் பகட்டுக் கார், புகைப்படக்காரர் என்று கல்யாணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். இதற்கென்றே கடன் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. மகளிடம் ‘கூடாது’ என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. என் காரணம் அவள் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு தொகையைச் சொல்லி, இதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், மிச்சம் உனக்கே, கடன் மட்டும் கிடையாது என்றோம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தோழிகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் போவதாக முடிவாயிற்று. ஆயாவின் பெட்டியிலிருந்து ஒரு பழைய பட்டுப் புடவை வெளியே வந்தது, அதைக் கவுனாகத் தைக்கத் தெரிந்தவர் அடுத்த தெருவிலேயே இருக்கிறார். இவ்வளவும் செய்து மிச்சம் பிடித்த பணம் முழுவதையும் போட்டு ஒரு ஜோடி ஹீல்ஸுக்கு லே-பை கட்டிவிட்டு வந்து நிற்கிறாள். விலையைக் கேட்டு என் கணவர், அந்தக் காசுக்கு நல்ல கம்ப்ரஸர் ஒன்று வாங்கலாம் என்றார். கம்ப்ரஸரைப் போட்டுக்கொண்டு ஆட முடியாதே அப்பா என்கிறாள் அவள்.